பந்தியில் யார் பக்கத்தில் யார்

‘பிளேசஸ் இன் தி ஹார்ட்’ படத்தைச் சாப்பாட்டு மேசைகளை வைத்துத்தான் நான் நினைவில் வைத்திருக்கிறேன். சாலி ஃபீல்டுக்கு இரண்டாவது ஆஸ்கர் வாங்கிக்கொடுத்த 1984-ஆம் ஆண்டுப் படம். கதை 1935-இல், டெக்சஸ் மாநிலத்து வாக்ஸஹாச்சியில் நடக்கிறது. பருத்தி விளையும் ஊர். ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் வீடு வீடாகச் சாப்பிட உட்காருகிறார்கள். வெள்ளையர் வீட்டிலும் கறுப்பர் வீட்டிலும் தலைகுனிந்து ஸ்தோத்திரம் சொன்ன பிறகுதான் முதல் வாய். ஷெரீஃப் ராய்ஸ் ஸ்பால்டிங் வீட்டிலும் அப்படியே. சாப்பாட்டின் நடுவிலேயே ஆள் வந்து அவரைக் கூப்பிடுகிறார்கள். ரயில் பாதைப் பக்கம் வைலி என்ற கறுப்பினப் பையன் குடித்துவிட்டுக் கைத்துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான். ராய்ஸுக்குத் தெரிந்த பையன்தான், அதட்டாமல் பேசுகிறார். துப்பாக்கி காலி என்று நினைத்து அவன் திருப்ப, அது வெடித்துவிடுகிறது.

கொஞ்சம் முன்பு சாப்பிட்ட அதே மேசையில் ராய்ஸின் உடலைக் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். மனைவி எட்னா அதைக் கழுவுகிறாள். சாலி ஃபீல்டுக்கு எட்னா வேடம். இதற்குள் ஊர் வெள்ளைக்காரர்கள் சிலர் வைலியைக் கொன்று, வண்டியின் பின்னால் கட்டி இழுத்து, அவள் வீட்டு முன்னால் கொண்டுவருகிறார்கள். அவளுக்கு நியாயம் செய்துவிட்டதாக அவர்களுக்கு நினைப்பு.

எங்கள் சபையில் திருவிருந்துக்கு அப்பம் வெட்டுவதும், பாத்திரங்களைத் துலக்குவதும், பீடத்து வெள்ளைத் துணியை விரிப்பதும் பல வருஷமாக என் வேலை. ஆராதனை நடக்கும்போது முன் பெஞ்சின் ஓரத்தில் இருப்பேன். யார் எப்போது எழுந்து வருகிறார்கள், யார் பக்கத்தில் யார் முழங்காலிடுகிறார்கள் என்பது அங்கிருந்து தெரியும். நிலத்தகராறில் பேச்சை விட்ட அண்ணன் தம்பி இருவர் உண்டு. ஒருவர் வாங்கித் திரும்பி உட்கார்ந்த பிறகே மற்றவர் எழுந்திருப்பார். ஒரே அப்பம், ஒரே பாத்திரம், ஆனால் ஒரே வரிசையில் இல்லை. அதனால் யார் யாரோடு பந்தியில் அமரலாம் என்ற கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே தட்டிலிருந்து அப்பம் எடுக்கலாமா? அப்படி எடுப்பதைத்தான் மோட்சம் என்கிறோமா? எடுக்கலாம் என்றால் இங்கே செய்த அநியாயத்துக்கு என்ன கணக்கு?

இந்தக் கேள்விக்குச் சாலி ஃபீல்ட் வந்து சேர்ந்த வழியே விசேஷமானது. அமெரிக்க ஜனங்கள் அவரைப் பறக்கும் கன்னியாஸ்திரீயாகத்தான் நன்றாக அறிந்தார்கள். அவர் முதலில் நடித்த ‘கிட்ஜெட்’ தொடர் ஒரு வருஷத்தில் நின்றுபோனது. பின்பு 1967 முதல் 1970 வரை ஏபிசி தொலைக்காட்சியில் ‘தி ஃப்ளையிங் நன்’ ஓடியது. போர்ட்டோ ரிக்கோவில் ஒரு மடம், அதில் சகோதரி பெர்ட்ரில். தொண்ணூறு பவுண்டும் தேறாத உடம்பு. கஞ்சி போட்டு விறைத்து, இரண்டு பக்கமும் சிறகு போல விரிந்த தலையணி. கடற்காற்று பிடித்தால் ஆள் மேலே போய்விடுவார், போன இடத்தில் யாருக்காவது ஒரு நல்லது நடக்கும். குழந்தைகளுக்குப் பிடித்தது. அவருக்கோ அந்த வேடத்தில் மனசே இல்லை. இதை விட்டால் வேறு வாய்ப்பு வராது என்று மாற்றாந்தந்தை சொன்னதால்தான் ஒப்புக்கொண்டாராம். அந்தத் தொடரில் மடத்துத் தாயாக நடித்த மேடலின் ஷெர்வுட்தான் அவரை ஆக்டர்ஸ் ஸ்டுடியோவுக்கு அழைத்துக்கொண்டு போனார். லீ ஸ்ட்ராஸ்பெர்க்கிடம் நடிப்பை முதலிலிருந்து கற்றார். 1976-இல் ‘சிபில்’ என்ற தொலைக்காட்சிப் படத்தில் தாயால் சிதைக்கப்பட்டுப் பல ஆளுமைகளாக உடைந்துபோன பெண்ணாக நடித்து எம்மி விருது வாங்கிய பிறகுதான் அவரைப் பெரிய நடிகையாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பறக்கும் கன்னியாஸ்திரீயின் விசுவாசத்துக்கு எடை கிடையாது. காற்று தூக்கும், கர்த்தர் இறக்கிவிடுவார், அரைமணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். இப்படிப்பட்ட பக்தியை ஜனங்கள் கோயிலிலும் கேட்கிறார்கள், கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எட்னா ஸ்பால்டிங்கின் விசுவாசம் தரையில் கிடக்கிறது. பருத்திக்காயின் முள் கிழித்து விரல்களில் இரத்தம் வருகிறது. காசோலை எழுதக்கூடத் தெரியாத பெண், வீட்டுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். வங்கிக்காரர் வீட்டை விற்றுவிடு என்கிறார். அந்த ஆண்டின் முதல் பருத்திப் பொதியைக் கொண்டுவருபவருக்கு 100 டாலர் பரிசு உண்டு என்று அறிந்து அதற்காகப் போராடுகிறாள்.

வேலை கேட்டு வந்த மோஸ் என்ற கறுப்பர் அவள் வீட்டு வெள்ளிக் கரண்டிகளை எடுத்துக்கொண்டு போகிறார். போலீஸ் பிடித்துக்கொண்டுவந்து நிறுத்தும்போது, இவர் என்னிடம் வேலை செய்பவர் என்று எட்னா சொல்லிவிடுகிறாள். டேனி குளோவர் அந்த மனிதராக நடித்திருக்கிறார். இதைத் தூய இரக்கம் என்று நான் சொல்லமாட்டேன். பருத்தி தெரிந்த ஆள் அவளுக்குத் தேவை. ஆனாலும் ஒரு வார்த்தை மாறியிருந்தால் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பது வைலியின் உடலைப் பார்த்த அவளுக்குத் தெரியும். தேவையும் இரக்கமும் அவளுக்குள் கலந்தே கிடந்தன. நம்மில் அநேகர் செய்யும் நன்மை இப்படிக் கலந்ததுதான், அதற்காக அது நன்மை இல்லை என்று ஆகிவிடாது.

அறுவடை முடிகிறது, பரிசும் கிடைக்கிறது. அன்று இரவே முகமூடி போட்ட கு கிளக்ஸ் கிளான் ஆட்கள் வந்து மோஸை அடிக்கிறார்கள். வீட்டில் வாடகைக்கு இருக்கும் வில் கண் தெரியாதவர். ஜான் மால்கோவிச்சின் அந்த நடிப்பை மறக்க முடியாது. முகமூடி அவருக்கு எதை மறைக்கும்? குரலை வைத்தே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எல்லாரும் பழகிய குரல்கள், ஊரில் கடை வைத்திருப்பவர்கள், தொழில் செய்பவர்கள். பெயர் வெளியே வந்ததும் போய்விடுகிறார்கள். ஆனால் மோஸ் இனி அங்கே இருக்க முடியாது. இந்தப் பருத்தியை விளைவித்தது நீங்கள்தான், அதை மறந்துவிடாதீர்கள் என்று எட்னா அவருக்குச் சொல்கிறாள். அவர் மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்.

இயக்குநர் ராபர்ட் பென்டன் இதோடு நிறுத்தியிருந்தாலும் நல்ல படம்தான். அவர் வளர்ந்த ஊர் அது, அங்கேயே போய்ப் படம்பிடித்தார். ஊர் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். கடைசிக் காட்சிக்காக அவர் நம்மைக் கோயிலுக்குள் அழைத்துப் போகிறார். போதகர் கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தை, அன்பின் அதிகாரத்தை வாசிக்கிறார். பிறகு திருவிருந்து. எங்களைப் போல முன்னே வந்து முழங்காலிடும் வழக்கம் அங்கே இல்லை. அப்பத்தட்டும், சின்னச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகள் வைத்த தட்டும் பெஞ்சு வழியாகக் கை மாறி வரும். பக்கத்தில் இருப்பவர் கொடுக்க வேண்டும், இவர் வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அப்படித் தட்டு போய்க்கொண்டே இருக்கும்போது, ஊரை விட்டுப் போன மோஸ் பெஞ்சில் இருக்கிறார். எட்னா வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கிறாள், அது செத்துப்போன ராய்ஸ். ராய்ஸ் வாங்கித் தம் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்கிறார், அது வைலி. தேவசமாதானம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். படம் முடிகிறது.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதைப் போட்டுப் பார்த்தபோது சிலர் அழுதார்கள். எஸ்தர் அக்கா மட்டும் அழவில்லை. “அந்தப் பையனை இழுத்துக்கொண்டு வந்தவன்களும் அந்தக் கோயில் ஆட்கள்தானே, அவன்கள் எங்கே?” என்று கேட்டார்கள். படத்தைப் பற்றி இவ்வளவு சரியான கேள்வியை நான் வேறு எங்கும் கேட்கவில்லை.

நடந்த சரித்திரத்தில் 1935-இல் அந்தக் கோயில் பெஞ்சில் ஒரு கறுப்பர் உட்கார்ந்திருக்கவே முடியாது. அமெரிக்க சபைகளில் கறுப்பருக்கு மாடியில் தனி இடம், வெள்ளையர் வாங்கி முடித்த பிறகு அவர்களுக்குத் திருவிருந்து என்பதே வெகுகாலம் வழக்கம். பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் கோயிலில் முழங்காலில் ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பரை எழுப்பி அப்புறப்படுத்தினார்கள். வெளியேறியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆலன் 1816-இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபையைத் தொடங்கினார். நம் திருச்சபையும் இந்தப் பாவத்துக்கு வெளியே இல்லை. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிவாரியாக உட்கார்ந்து, சாதிவாரியாகத் திருவிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தச் சொல்லி 1833-இல் டேனியல் வில்சன் பேராயர் கடிதம் எழுதியபோது அநேகர் சபையை விட்டே போனார்கள். பக்கத்தில் இருப்பவரோடு வாங்குவதைவிட வாங்காமல் இருப்பதே மேல் என்று அவர்களுக்குத் தோன்றியது.

படத்தில் வாசிக்கப்படும் 13-ஆம் அதிகாரத்தைக் கல்யாண வீட்டிலும் வாசிக்கிறோம். அதற்கு இரண்டு அதிகாரம் முன்னால் அதே பவுல் அதே சபையைக் கடிந்துகொள்கிறார். பணக்காரர் முந்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள், இப்படிக் கூடுவது கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார். பந்தி கெட்டுப்போன சபைக்குத்தான் அன்பைப் பற்றி எழுதினார். பென்டன் 11-ஆம் அதிகாரத்தை வாசிக்க வைக்கவில்லை, ஆனால் படம் முழுவதும் அதைத்தான் காட்டிவிட்டு வருகிறார். அதனால்தான் அந்தக் கடைசிக் காட்சி எனக்கு ஏமாற்றாகத் தெரியவில்லை. வைலியின் உடலை நமக்குக் காட்டாமல் அவனைக் கோயில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். ஜேம்ஸ் கோன் என்ற கறுப்பின இறையியலாளர் 2011-இல் வெளியிட்ட ‘தி கிராஸ் அண்ட் தி லிஞ்சிங் ட்ரீ’ நூலில் இதைத்தான் குற்றமாகச் சாட்டுகிறார். தங்கள் ஊர் மரங்களில் கறுப்பர்களைத் தூக்கிலிட்டுக்கொண்டிருந்தபோது, சிலுவையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய வெள்ளை இறையியலாளர்களுக்கு அந்த மரத்தில் சிலுவை தெரியவில்லை. ரைனோல்ட் நீபர் போன்ற பெரிய மனிதருக்கே தெரியவில்லை என்கிறார்.

தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் இவான் தன் தம்பியிடம் ஒரு கதை சொல்கிறான். ஜெனரல் ஒருவன் வேட்டைநாய்களை ஏவி ஒரு சிறுவனைத் தாயின் கண்முன்னால் கடித்துக் குதறவிடுகிறான். தாய் தனக்கு நேர்ந்த வேதனைக்காக வேண்டுமானால் அவனை மன்னிக்கட்டும், பிள்ளைபட்ட வேதனையை மன்னிக்க அவளுக்கு உரிமையில்லை, அப்படி ஓர் ஒப்புரவு வருமானால் அந்த மோட்சத்துக்கு எனக்குச் சீட்டே வேண்டாம் என்பது இவானின் வாதம். விசுவாசிகள் இவானுக்குப் பதில் சொல்ல அவசரப்படுகிறோம். அவன் சொன்னதில் பாதி ஆண்டவருடைய வார்த்தைதான். காணிக்கையைப் பீடத்துக்கு முன்னே வைத்துவிட்டு, முதலில் போய், உன்மேல் குறையுள்ள சகோதரனோடு ஒப்புரவாகு என்றார். பீடத்திடமே மன்னிப்பை வாங்கிக்கொண்டு போய்விடு என்று சொல்லவில்லை. யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடம் போக வேண்டும்.

சாலி ஃபீல்டின் வேறு படங்களிலும் அவசரமான ஆறுதலுக்கு இடமில்லை. ‘நார்மா ரே’யில் (1979) பஞ்சாலைத் தொழிலாளியாக நடித்தார், முதல் ஆஸ்கர் அதற்குத்தான். வட கரோலினாவில் ஜே. பி. ஸ்டீவன்ஸ் ஆலையில் வேலை பார்த்த கிறிஸ்டல் லீ சட்டனின் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை. மேசைமேல் ஏறி நின்று ‘யூனியன்’ என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடிக்கும் காட்சியை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட அவள் போதகரிடம் போகும் காட்சி முக்கியம். சங்கக் கூட்டத்துக்குக் கோயிலைக் கேட்கிறாள், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காருவார்கள் என்று மறைக்காமல் சொல்லியே கேட்கிறாள். போதகர் இணங்கவில்லை. சிறுவயது முதல் பாடிய பாடகர் குழுவையும் அந்தக் கோயிலையும் விட்டு அவள் வெளியே வருகிறாள்.

‘ஸ்டீல் மேக்னோலியாஸ்’ (1989) படத்தில் அவர் நீரிழிவு நோயுள்ள ஷெல்பியின் தாய். தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தும் மகளைக் காப்பாற்ற முடியவில்லை. அடக்கம் முடிந்த கல்லறைத் தோட்டத்தில் ஆனெல் என்ற பக்தியுள்ள பெண், ஷெல்பி இப்போது தன் ராஜாவோடு இருக்கிறாள், சந்தோஷப்பட வேண்டும் என்கிறாள். அவள் இங்கே என்னோடு இருப்பதையே விரும்புகிறேன் என்று தாய் சொல்லிவிடுகிறாள். பிறகு வரும் அந்தக் கதறல்! என் தங்கை மகள் பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் காய்ச்சலில் போனபோது, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆண்டவர் தமக்குப் பிரியமான பூவைப் பறித்துக்கொண்டார் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். தங்கை எழுந்து அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அவளோடு சும்மா உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு முத்தம்மா அக்கா கோயிலுக்கு வருகிறவர்கள் அல்ல. ஒரு வார்த்தையும் பேசவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார்கள். யோபுவின் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் வாய்திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதர்கள்தான்.

2018-இல் சாலி ஃபீல்ட் ‘இன் பீசஸ்’ என்று தன் வாழ்க்கையை எழுதினார். மாற்றாந்தந்தை ஜாக் மஹோனி சிறுவயதில் தன்னிடம் முறைகேடாக நடந்ததை அதில் எழுதியிருக்கிறார். பறக்கும் கன்னியாஸ்திரீ வேடத்தை ஏற்கச் சொன்ன அதே மனிதர். புத்தகம் வெளிவந்தபோது எழுதியவருக்கு வயது 71. அந்த மனிதர் இறந்து இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, தாயும் போய்ச் சேர்ந்திருந்தார். அதைச் சொல்ல அவருக்கு அவ்வளவு காலம் தேவைப்பட்டிருக்கிறது. நம் சபைகளில் இப்படி ஒரு பெண் வாய் திறந்தால், முதல் வாரமே மன்னித்துவிடம்மா என்கிறோம். மன்னிக்காவிட்டால் திருவிருந்து எடுக்காதே என்றுகூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அடிபட்டவளைத் தேடிப்போய் மன்னிப்பைப் பிடுங்கிக்கொண்டு வருவதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை. எந்த ஐயருக்கும் இல்லை, சங்கத் தலைவி என்ற முறையில் எனக்கும் இல்லை.

எஸ்தர் அக்கா கேட்டதற்கு வருகிறேன். கொன்றவர்கள் எங்கே? படம் முடியும்போது தட்டு கடைசியாகப் போய்ச் சேர்ந்திருப்பது வைலியிடம். அவனுக்கு அப்பால் யாரையும் பென்டன் காட்டவில்லை. ராய்ஸ் தன்னைச் சுட்டவனுக்குத் தட்டைக் கொடுத்துவிட்டார், அது அவர் கொடுக்க வேண்டியது, கொடுத்தார். எட்னாவோ ஊர்க்காரர்களோ போதகரோ அவர் சார்பில் கொடுக்கவில்லை. அதே ஒழுங்கின்படி, வைலியை இழுத்துச் சென்றவர்களுக்கு அந்தத் தட்டு வர வேண்டுமானால் வைலியிடமிருந்துதான் வர வேண்டும். வேறு வழியாக வராது. மோட்சத்திலும் அவனைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி இருக்கும் என்று நான் நம்பவில்லை. கிருபை இலவசம்தான், ஆனால் அவர்கள் அவன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், அவன் முகத்தைப் பார்த்து வாங்க வேண்டும். தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும், முகமூடி இல்லாமல்.

இதை நான் சொன்னபோது அக்கா விடவில்லை. “சரி, அவன் கொடுக்கமாட்டேன் என்று சொன்னால்?” என்றார்கள்.

கொடுக்காமலிருக்க அவனுக்கு உரிமை உண்டு என்றேன். ஆண்டவர் அவனை நெருக்கமாட்டார், அவன் மனசு ஆறுமட்டும் காத்திருப்பார், இழுத்தவர்களும் காத்திருக்கட்டும் என்றேன். எவ்வளவு காலம் என்று கேட்டார்கள். அவனுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு என்றேன். அது நரகம் மாதிரி அல்லவா இருக்கிறது என்றார் ஒருவர். அந்தக் காத்திருப்புக்கு நரகம் என்று பெயர் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதன் கதவு வைலியின் பக்கமிருந்துதான் திறக்கும் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும் என்றேன். எஸ்தர் அக்கா இன்னும் இணங்கவில்லை. கடைசியில் கதவைத் திறக்கிற பாரத்தையும் அந்தப் பையன் தலையிலேயே வைக்கிறாயே என்கிறார்கள். அந்தப் பாரத்தை அவனோடு சேர்ந்து சுமக்க, தாமும் மரத்தில் தொங்கவிடப்பட்ட ஒருவர் அந்தப் பெஞ்சில் அவனுக்கு மறுபக்கம் இருக்கிறார் என்பது என் விசுவாசம். அதை அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.